ஊர்த் தளத்தில் படிபிரஸ்: விருப்பப்படி மாற்றுவதும் பழுது பார்ப்பதும் – முழுமையான வழிகாட்டி

வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர் சேர்ந்ததும் கதவு அடைபட்டுவிடும். அடுத்த குரூப் தொடங்க வேண்டும். முந்தாநாள் யாரோ போட்ட டீசல் மானியப் படிவத்தைத் தேடினால், நடுவில் நானூறு 'காலை வணக்கம்' படங்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் இந்தத் தொல்லைக்கு வழி தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது ஊருக்கென்று சொந்தமாக ஒரு தளம் என்ற முடிவில். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் போட்டு, அதன்மேல் படிபிரஸ் பிளகினை (அதோடு ஒட்டும் துணை மென்பொருளை) ஏற்றினால் உறுப்பினர் பக்கம், குழுக்கள், செய்தி ஓட்டம், தனிச்செய்தி எல்லாம் வந்துவிடும். இலவசம்தான், 2009-லிருந்து தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள்.

பிறகு ஒருநாள் அது மக்கர் பண்ணும். "நீதானே கம்ப்யூட்டர் படிச்சவன், நீயே பாரு" என்று ஊர் ஒருவரைக் கைகாட்டும். அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேர்ட்பிரஸும் படிபிரஸும் ஏற்கெனவே நிறுவியாகிவிட்டன என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். ஃபைல் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

கை வைக்கக் கூடாத ஃபோல்டர்

பிளகின்ஸ் ஃபோல்டருக்குள் 'படிபிரஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். அடுத்த அப்டேட் வரும்போது அந்த ஃபோல்டர் மொத்தமாக அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படும். நீங்கள் செய்த திருத்தம் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதற்குப் பயந்து அப்டேட்டையே நிறுத்தி வைக்கிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே திறந்து கிடக்கும்.

மாற்றம் செய்ய நாலு இடங்கள் உண்டு. டாஷ்போர்டில் (நிர்வாகத் திரையில்) உள்ள அமைப்புகள், மொழிபெயர்ப்பு, சைல்ட் தீம் (தளத்தின் தோற்றமான தீமின் மேல் உங்கள் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்), பிபி-கஸ்டம் என்ற தனி ஃபைல். இதே வரிசையில்தான் போக வேண்டும். அமைப்பிலேயே முடிகிற காரியத்துக்குக் கோடு (நிரல்) எழுத உட்காருவது வீண் வேலை.

தொடங்கும் முன் பேக்கப் எடுங்கள். ஃபைல்கள் தனி, டேட்டாபேஸ் தனி, இரண்டும் வேண்டும். உறுப்பினர் பதிவுகள், செய்திகள், குழுக்கள் எல்லாம் டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. ஃபைல்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. எடுத்த பேக்கப்பை அதே ஹோஸ்டிங்கில் (தளம் குடியிருக்கும் வாடகை சர்வரில்) வைக்காமல் வேறெங்காவது இறக்கி வையுங்கள்.

அப்புறம், தளத்தின் நகல் ஒன்றை ஒரு சப்டொமைனிலோ (உங்கள் தள முகவரிக்கு உட்பட்ட துணை முகவரி) உங்கள் லேப்டாப்பிலோ உருவாக்கிக்கொள்ளுங்கள். சோதனையெல்லாம் அங்கேதான். ஒரு எச்சரிக்கை: நகலில் உண்மையான உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்தே வந்திருக்கும். சோதனைக்காக நீங்கள் அனுப்பும் 'டெஸ்ட் டெஸ்ட்' துபாயில் இருக்கும் கீழக்கரைக்காரருக்குப் போய்ச் சேரும். நகலில் முதல் வேலையாக மின்னஞ்சல் வெளியே போகாமல் தடுக்கும் பிளகின் ஒன்றைப் போடுங்கள்.

எதை அணைப்பது

அமைப்புகள் பகுதியில் படிபிரஸைத் திறந்தால் கூறுகளின் பட்டியல் வரும். எல்லாவற்றையும் ஆன் செய்யும் ஆசை யாருக்கும் வரும். என் கருத்து, முதலில் நண்பர்கள் கூறை அணையுங்கள். ஒரே கரையில் பிறந்து, ஒரே கோயில் திருவிழாவுக்கோ கந்தூரிக்கோ வரி கொடுக்கிறவர்களுக்கு 'நட்புக் கோரிக்கை' எதற்கு? போதாக்குறைக்கு, கோரிக்கையை ஏற்கவில்லை என்று ஒரு சண்டை வரும்.

குழுக்கள் கூறுதான் நம் ஊருக்கு உயிர். விசைப்படகுக்காரருக்கு ஒன்று, நாட்டுப்படகுக்காரருக்கு ஒன்று, வடகடலுக்கு ஒன்று, தென்கடலுக்கு ஒன்று, கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு ஒன்று. குழுவில் மூன்று வகை உண்டு: பொது, தனியார், மறைவு. தனியார் குழுவின் பெயரும் விவரமும் வெளியே தெரியும், உள்ளே நடப்பது தெரியாது. மறைவுக் குழு பட்டியலிலேயே வராது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்களின் குடும்பங்கள் பேசிக்கொள்ளும் குழு என்றால் மறைவைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள். ஆதார் எண்ணும் படகுப் பதிவு எண்ணும் அங்கே வந்து விழும்.

செய்தி ஓட்டத்தில், புதுச் செய்தி வந்ததா என்று தானாகப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு வசதி இருக்கிறது. மலிவு ஹோஸ்டிங்கில் அதை அணைத்துவிடுங்கள். திறந்து வைத்த ஒவ்வொரு போனிலிருந்தும் சர்வருக்கு ஓயாமல் கோரிக்கை போய்க்கொண்டிருக்கும். மீன்பிடித் தடைக்காலம் முடியும் ஜூன் 14-ஆம் தேதி இரவு ஊரே தளத்தைத் திறந்து வைத்திருக்கும்போது சர்வர் மூச்சுத் திணறும்.

2023 டிசம்பரில் வந்த 12.0 பதிப்பிலிருந்து, சமூகப் பக்கங்கள் முழுவதையும் உறுப்பினர் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். ஊர்த் தளத்துக்கு அதுதான் சரி. முகப்பும் அறிவிப்புப் பக்கமும் எல்லோருக்கும். ஆட்கள் பேசுவது ஆட்களுக்கு மட்டும்.

சேரும்போது கேட்கும் கேள்விகள்

பயனர்கள் மெனுவுக்குள் புரொஃபைல் புலங்களைச் சேர்க்கும் இடம் இருக்கிறது. சேரும் படிவத்தில் எதெல்லாம் வர வேண்டும் என்பதையும் அங்கேயே இழுத்துப் போடலாம். கேள்வி கூடக்கூடச் சேருகிறவர்கள் குறைவார்கள். பெயர், ஊர், தொழில் போதும். ஊரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே மண்டபம் 'மண்டபம்', 'மண்டபம் கேம்ப்', 'மண்டபம் வடக்கு' என்றும், ஆங்கிலத்தில் வேறு இரண்டு எழுத்துக்கூட்டலிலும் பதிவாகி, பின்னால் தேடும்போது ஆள் கிடைக்காது.

தொலைபேசி எண்ணைக் கேட்பதாக இருந்தால் அந்தப் புலத்தின் பார்வை அமைப்பைக் கவனியுங்கள். எல்லோரும், உறுப்பினர்கள், நான் மட்டும் என்று வகைகள் வரும். இயல்பு நிலையில் 'நான் மட்டும்' வைத்து, விருப்பப்பட்டவர் மாற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள். பாசிக் குழுவில் இருக்கும் பெண்களின் எண் ஊர் முழுக்கப் பரவினால் அடுத்த வாரம் அந்தக் குழுவே காலியாகிவிடும். 'தானியங்கி இணைப்பு' என்ற இன்னொரு அமைப்பும் அங்கே உண்டு. ஆன் செய்து வைத்தால் புலத்தில் எழுதியதெல்லாம் தேடல் இணைப்பாக மாறும். ஊர்ப் பெயருக்கு அது நல்லது. ஊரைத் தொட்டால் அந்த ஊர்க்காரர்கள் வரிசையாக வருவார்கள். படகுப் பெயருக்கும் எண்ணுக்கும் வேண்டாம்.

தமிழால் வரும் சிக்கல்கள்

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதலாவது, யூசர்நேம். தங்கச்சிமடத்துப் பெரியவர் ஒருவர் படிவத்தைத் திறந்து, முதல் கட்டத்தில் 'அந்தோணி' என்று தமிழில் அழகாகத் தட்டுவார். சிவப்பு எழுத்தில் பிழை வரும். வேர்ட்பிரஸ் யூசர்நேமில் தமிழ் எழுத்தை ஏற்காது. பெரியவருக்குப் புரியாது, திரும்பவும் தட்டுவார், அதே சிவப்பு. போனை மடியில் வைத்துவிட்டு, "நம்மளுக்கு இதெல்லாம் ஒத்துவராதுப்பா" என்று எழுந்து போய்விடுவார். அந்தக் கட்டத்தின் தலைப்பையே 'உள்நுழையும் பெயர் – ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்' என்று மாற்றுங்கள். ஊரார் பார்க்கும் பெயர் தனிப் புலம், அதைத் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, குழுவின் முகவரி. தமிழில் பெயர் வைத்துக் குழு தொடங்கினால், அந்தப் பெயரே முகவரியாக மாறும். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. மெய்யும் புள்ளியும் தனித்தனிக் குறிகள், துணைக்காலும் தனி. 'பாம்பன்' என்ற சின்னப் பெயருக்கே ஏழு குறிகள், 63 எழுத்துகள். முகவரிக்கு உள்ள இடம் 200 எழுத்து. 'தங்கச்சிமடம் நாட்டுப்படகு' என்று வைத்தால் 217 ஆகிவிடும், வால் அறுபடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் மூன்று வரிக்குச் சதவீதக் குறிகளாகத் தெரியும் அந்த இணைப்பை வைரஸ் என்று நினைத்து ஒருவரும் தொட மாட்டார்கள். சுலபமான வழி: குழுவை முதலில் ஆங்கிலச் சிறு பெயரில் உருவாக்குங்கள். பிறகு திருத்தும் பக்கத்தில் பெயரைத் தமிழுக்கு மாற்றுங்கள். முகவரி பழையபடி ஆங்கிலத்திலேயே நிற்கும்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு. பொது அமைப்புகளில் தளத்தின் மொழியைத் தமிழாக்கி, அப்டேட் பக்கத்தில் மொழிபெயர்ப்புகளைப் புதுப்பித்தால் தமிழ் வந்துவிடும். மொழிபெயர்க்காத வரிகள் ஆங்கிலத்திலேயே நிற்கும், சில தமிழ்ச் சொற்கள் நம் வாயில் நுழையாது. அவற்றை மாற்ற லோகோ டிரான்ஸ்லேட் என்ற பிளகின் போதும். புது மொழி ஃபைலை எங்கே சேமிப்பது என்று அது கேட்கும். 'கஸ்டம்' என்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 'சிஸ்டம்' என்பதில் வைத்தால் தானாக வரும் மொழி அப்டேட் உங்கள் சொற்களை அழித்துவிடும். மேலே சொன்ன யூசர்நேம் கட்டத்தின் தலைப்பையும் இங்கேயே மாற்றிவிடலாம், கோடு வேண்டாம்.

நான்காவது, எழுத்துரு. ஆங்கிலத்துக்கென்று வடிவமைத்த தீம்களில் வரி உயரம் குறைவு. மெனுப் பட்டைகளில் 'கு', 'ழு' ஆகியவற்றின் கால் வெட்டுப்படும், 'கீ'யின் சுழி மேலே இடிக்கும். சைல்ட் தீமின் ஸ்டைல் ஃபைலில் வரி உயரத்தை 1.6 அல்லது 1.7 ஆக்குங்கள். எழுத்து இடைவெளி என்று ஏதாவது எண் கொடுத்திருந்தால் பூஜ்யமாக்குங்கள். தமிழுக்கு அது ஆகாது. நீளமான சொற்கள் போன் திரையைத் தாண்டி ஓடினால், சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு அனுப்பும் ஓவர்ஃப்ளோ-ராப் விதியைச் சேருங்கள்.

தோற்றத்தை மாற்றுதல்

படிபிரஸில் இரண்டு வார்ப்புருத் தொகுப்புகள் உள்ளன: பழையது லெகசி, 2018-ல் 3.0 பதிப்போடு வந்தது நோவோ. நோவோவில் இருந்தால் 'தனிப்பயனாக்கு' திரையிலேயே மெனு வரிசையை மாற்றலாம், பட்டியல்கள் எத்தனை பத்தியில் வர வேண்டும் என்று சொல்லலாம். பெரும்பாலானோருக்கு அதுவே போதும்.

போதவில்லை என்றால் சைல்ட் தீம். உதாரணமாக உறுப்பினர் பக்கத்தின் தலைப்பகுதியில் பெயருக்குக் கீழே படகுப் பெயர் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். படிபிரஸ் ஃபோல்டருக்குள் பிபி-டெம்ப்ளேட்ஸ், அதற்குள் பிபி-நோவோ (bp-nouveau), அதற்குள் படிபிரஸ், அதற்குள் மெம்பர்ஸ், சிங்கிள் என்று போனால் மெம்பர்-ஹெடர் என்ற பிஎச்பி ஃபைல் கிடைக்கும். அதை நகலெடுங்கள். சைல்ட் தீமுக்குள் படிபிரஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் மெம்பர்ஸ், அதற்குள் சிங்கிள் என்று அதே வரிசையில் ஃபோல்டர்கள் போட்டு, நகலை அங்கே வையுங்கள். இனி தளம் உங்கள் நகலைத்தான் பார்க்கும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் பக்கத்தில் ஒன்றுமே மாறாத நிலை ஒன்று உண்டு. கேஷை (வேகத்துக்காகச் சேமித்து வைத்த பக்க நகல்களை) காலி செய்வார்கள், பிரவுசரை மாற்றுவார்கள், தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். காரணம் மிக எளிது. அட்டைப்பட வசதி (உறுப்பினர் பக்கத்தின் மேலே வரும் அகலப் படம்) ஆன் ஆகியிருந்தால் தளம் மெம்பர்-ஹெடரைத் தொடவே தொடாது. பக்கத்திலேயே இருக்கும் கவர்-இமேஜ்-ஹெடர் என்ற ஃபைலைத்தான் எடுக்கும். அதை நகலெடுத்துத் திருத்துங்கள், உடனே தெரியும்.

புலத்தின் மதிப்பை அச்சிட எக்ஸ்புரொஃபைல்_கெட்_ஃபீல்டு_டேட்டா என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதற்குப் புலத்தின் பெயரையும் கொடுக்கலாம், எண்ணையும் கொடுக்கலாம். எண்ணைக் கொடுங்கள். நாளைக்கு யாராவது 'படகுப் பெயர்' என்பதை 'படகின் பெயர்' என்று திருத்தினால் பெயரை நம்பிய கோடு வெறுமையைத்தான் காட்டும். வரும் மதிப்பை எஸ்க்_ஹெச்டிஎம்எல் வழியாக அனுப்பிய பிறகே அச்சிடுங்கள்; உறுப்பினர் எழுதியதை அப்படியே பக்கத்தில் கொட்டுவது ஆபத்து.

நாலாவது இடம், பிபி-கஸ்டம். பிளகின்ஸ் ஃபோல்டரில், படிபிரஸ் ஃபோல்டருக்கு வெளியே, அந்தப் பெயரில் ஒரு பிஎச்பி ஃபைலை நீங்களே உருவாக்க வேண்டும். இருந்தால் படிபிரஸ் தானாக எடுத்துக்கொள்ளும், அப்டேட்டில் அழியாது. எதற்குப் பயன்படும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். படம் போடாத உறுப்பினருக்கு, கிராவதார் என்ற வெளிச் சேவையிலிருந்து படத்தைத் தேடி எடுப்பது படிபிரஸின் வழக்கம். நம் ஊரில் கிராவதார் கணக்கு யாருக்கு இருக்கிறது? பட்டியலில் இருபது பேர் என்றால் வெளி சர்வருக்கு அத்தனை தேவையற்ற நடை. சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் மூக்கையூர் மாதிரி இடத்தில் பக்கம் திறக்கவே திறக்காது. பிபி_கோர்_ஃபெட்ச்_அவதார்_நோ_கிராவ் என்ற ஃபில்டருக்கு, வேர்ட்பிரஸின் ஆயத்த ஃபங்ஷனான __ரிட்டர்ன்_ட்ரூவைக் கொடுத்து ஒரே வரி எழுதினால் அந்த நடை நின்றுவிடும். இந்த ஃபைலில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் தளம் மொத்தமும் படுத்துவிடும் என்பதால் நகலில் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

பழுது: "ஆக்டிவேஷன் மெயில் வரலை"

உங்களுக்கு வரும் புகாரில் பாதி இதுதான். இதில் இரண்டு பிரச்சினைகள் கலந்து கிடக்கும், பிரித்துப் பாருங்கள்.

ஒன்று, மெயில் போகவே இல்லை. ஹோஸ்டிங் சர்வரிலிருந்து நேராகக் கிளம்பும் மெயிலை ஜிமெயில் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புநர் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் (மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள்) கட்டாயம் என்று விதியையும் இறுக்கிவிட்டார்கள். உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் (தள முகவரியின் பதிவேட்டில்) இந்த இரண்டு பதிவுகளையும் சேருங்கள். ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனலில் அவற்றுக்கான மதிப்புகள் கிடைக்கும். எஸ்எம்டிபி பிளகின் ஒன்றைப் போட்டு முறையான மெயில் கணக்கு வழியாக அனுப்புங்கள். அனுப்புநர் முகவரி உங்கள் டொமைனிலேயே இருக்க வேண்டும். உங்கள் ஜிமெயில் முகவரியை அங்கே போட்டுவிட்டுத் தள சர்வரிலிருந்து அனுப்பினால் அது ஸ்பாமுக்குத்தான் போகும். சரியாகிவிட்டதா என்று பார்க்க, வந்த மெயிலை ஜிமெயிலில் திறந்து 'அசலைக் காட்டு' என்பதைத் தொடுங்கள். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டுக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும்.

இரண்டு, மெயில் போய்விட்டது, பார்க்கிறவர் இல்லை. நம் கரையில் பலருக்கு ஜிமெயில் என்பது போன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் உருவாக்கிக் கொடுத்தது. அந்த இன்பாக்ஸை வாழ்நாளில் திறந்திருக்க மாட்டார்கள். இதற்கு எந்த டிஎன்எஸ்ஸும் உதவாது. பயனர்கள் மெனுவில் காத்திருக்கும் பதிவுகளை நிர்வகிக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே பெயர் இருந்தால் ஆளுக்குப் போன் போட்டு, அவர்தான் என்று உறுதி செய்து, நீங்களே ஆக்டிவேட் செய்துவிடுங்கள். "பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், உள்ள விடமாட்டேங்குது" என்று யார் சொன்னாலும் முதலில் இந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

அதே பக்கத்தில் பொருளில்லாத ஆங்கிலப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தால் பாட்கள் (தானாகவே பதிவு செய்யும் நிரல்கள்) வந்துவிட்டன என்று பொருள். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற அமைப்பை அணைத்துவிட்டு, 10.0 பதிப்பிலிருந்து உள்ள உறுப்பினர் கோரிக்கை வசதியை ஆன் செய்யுங்கள். நிர்வாகி பார்த்து அனுமதித்தால்தான் உள்ளே வர முடியும். ஊர்த் தளத்துக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. ஆள் யாரென்று உங்களுக்கே தெரியும்.

மெயிலின் வாசகத்தை மின்னஞ்சல்கள் மெனுவில் தமிழில் எழுதிக்கொள்ளலாம். இரண்டு அல்லது மூன்று நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் இருக்கும் ஆங்கிலத் துண்டுகளை மட்டும் தொடாதீர்கள், ஆக்டிவேஷன் இணைப்பு அங்கேதான் வந்து உட்காரும். கருவிகள் பக்கத்தில் மின்னஞ்சல்களை மீண்டும் நிறுவும் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் நீங்கள் எழுதிய தமிழ் போய்விடும், பழைய வாசகம் திரும்பும்.

பழுது: 'ஏற்றப்படுகிறது, காத்திருக்கவும்' என்று நின்றுவிடுவது

நோவோவில் உறுப்பினர் பட்டியலும் செய்தி ஓட்டமும் பக்கம் திறந்த பிறகு தனியாகக் கொண்டுவரப்படுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் எங்கேயாவது இடறினால் அந்தக் காத்திருக்கச் சொல்லும் வரி அப்படியே நிற்கும். கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். கன்சோலில் சிவப்பு வரி இருந்தால் அதில் எந்த ஃபைல் என்று இருக்கும். ஃபோல்டர் பெயரிலிருந்து எந்த பிளகின் என்று தெரிந்துவிடும். நான் முதலில் சந்தேகப்படுவது வேகத்தைக் கூட்டுகிறேன் என்று சொல்லி ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கி ஒட்டும் பிளகின்களை. அந்த வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கன்சோலில் ஒன்றும் இல்லையென்றால் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். அட்மின்-ஏஜாக்ஸ் என்ற கோரிக்கைக்கு 403 வந்திருந்தால் பாதுகாப்பு பிளகினோ ஹோஸ்டிங்கின் ஃபயர்வாலோ அதைத் தடுக்கிறது. பாதுகாப்பு பிளகினில் விதிவிலக்கு கொடுங்கள். ஹோஸ்டிங் என்றால் அவர்களுக்கு அந்த 403 வரியின் நேரத்தோடு எழுதுங்கள். 'சைட் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் 'எங்களுக்கு வேலை செய்கிறது' என்றுதான் பதில் வரும்.

பழுது: மற்றவை

குழுப் பக்கங்களில் 404 ('பக்கம் இல்லை' என்ற பிழை) வந்தால், நிலையான இணைப்புகள் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேமியுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். 'எளியது' என்ற வகை அங்கே தேர்வாகியிருந்தால் 'பதிவின் பெயர்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். 12.0-க்கு அப்டேட் செய்ததிலிருந்து பழைய துணை பிளகின் வேலை செய்யவில்லை என்றால், அந்தப் பதிப்பில் முகவரி அமைப்பையே மாற்றி எழுதிவிட்டார்கள் என்பதுதான் காரணம். படிபிரஸ் குழுவே வெளியிட்டிருக்கும் பிபி கிளாசிக் என்ற துணை பிளகினைப் போட்டால் பழைய முறை திரும்பும். அது தற்காலிக ஊன்றுகோல்தான். துணை பிளகினுக்குப் புதுப் பதிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

வெள்ளைத் திரையோ, 'முக்கியமான பிழை' என்ற ஒற்றை வரியோ வந்தால் பதறாதீர்கள். நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்று வந்திருக்கும். எந்த பிளகின் விழுந்தது என்றும் அதிலேயே எழுதியிருக்கும். மெயில் வராத தளமாக இருந்தால் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் சந்தேகத்துக்குரிய பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள், அது அணைந்துவிடும். படிபிரஸையே இப்படி அணைத்தாலும் செய்திகளும் உறுப்பினர்களும் டேட்டாபேஸில் பத்திரமாக இருப்பார்கள். ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பியை 8-க்கு உயர்த்திய மறுநாள் இது அதிகம் நடக்கும். கிரியேட்_ஃபங்ஷன் போன்ற பழைய வசதிகளை 8.0-ல் நீக்கிவிட்டார்கள், பல வருடமாக யாரும் தொடாத துணை பிளகின் அங்கேயே விழும்.

காரணம் பிடிபடவில்லை என்றால் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலில் டீபக் (WP_DEBUG), டீபக் லாக் (WP_DEBUG_LOG) இரண்டையும் ஆன் செய்து, டீபக் டிஸ்ப்ளேயை (WP_DEBUG_DISPLAY) ஆஃப் செய்யுங்கள். பிழை வரும் பக்கத்தை மறுபடி திறங்கள். டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் டீபக் லாக் ஃபைல் உருவாகியிருக்கும், கடைசி வரிகளைப் படியுங்கள். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அணைத்து லாக்கையும் அழித்துவிடுங்கள். அந்த ஃபைலை வெளியாட்களும் திறந்து படிக்க முடியும்.

ஒருவர் பக்கத்தைத் திறந்தால் இன்னொருவரின் பெயர் மேலே தெரிகிறதா? இதை மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள். லாகின் ஆனவர்களின் பக்கத்தையும் கேஷ் சேமித்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். கேஷை அப்போதே அணையுங்கள். பிறகு உறுப்பினர், குழு, செய்தி ஓட்டப் பக்கங்களையும் லாகின் ஆனவர்களையும் விலக்கி வைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். சிடிஎன்னில் (பக்கங்களின் நகலைப் பல இடங்களிலிருந்து தரும் சேவையில்) 'எல்லாவற்றையும் கேஷ் செய்' என்று விதி ஏதாவது இருந்தால் அதையும் தூக்குங்கள்.

தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகளாக வந்தால் டேட்டாபேஸ் டேபிள்களின் எழுத்துவகை பழையது. யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்ற வேண்டும், பேக்கப்போடு. ஏற்கெனவே கேள்விக்குறியாகப் பதிவான செய்திகள் திரும்ப வராது. படம் ஏற முடியவில்லை என்றால் பிஎச்பியின் அப்லோடு வரம்பைப் பாருங்கள். இயல்பு நிலையில் அது 2 எம்பி. இன்றைய போனில் எடுக்கும் படம் அதைத் தாண்டிவிடும். 8 எம்பி ஆக்குங்கள், போஸ்ட் வரம்பை அதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். ஏறிய படத்தை வெட்டும்போது பிழை என்றால் ஜிடி அல்லது இமேஜிக் என்ற நீட்சி சர்வரில் இல்லை. ஹோஸ்டிங்கில் ஆன் செய்யச் சொல்லுங்கள்.

எதனால் என்றே தெரியாத பழுதுக்கு ஹெல்த் செக் பிளகினின் பழுது பார்க்கும் முறை கைகொடுக்கும். எல்லா பிளகின்களும் உங்களுக்கு மட்டும் அணைந்ததாகத் தெரியும், ஊருக்கு வழக்கம்போல ஓடும். படிபிரஸை மட்டும் ஆன் செய்து பாருங்கள். சரியாக இருந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் கெடுகிறதோ அதுதான் குற்றவாளி.

அப்டேட் எப்போது

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகுகள் கரையில் நிற்கும் காலம்தானே, தள வேலையையும் அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், நிவாரணத் தொகை பற்றிய செய்திக்காகத் தளத்தைத் திறந்துகொண்டே இருப்பார்கள். பெரிய அப்டேட்டுகளை மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போயிருக்கும் ஒரு நாளின் முற்பகல் நல்ல நேரம். ஹோஸ்டிங் ஆட்களும் விழித்திருப்பார்கள்.

வரிசை இப்படி: பேக்கப், நகலில் அப்டேட், நகலில் ஒரு சாதாரண உறுப்பினராக உள்ளே போய்ச் சேருவது, செய்தி போடுவது, படம் ஏற்றுவது, குழுவில் நுழைவது என்று எல்லாம் பார்ப்பது. நிர்வாகியாகவே பார்த்தால் பாதிப் பழுது கண்ணில் படாது. சைல்ட் தீமில் நீங்கள் நகலெடுத்து வைத்த வார்ப்புருக்களின் மூலம் புதுப் பதிப்பில் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் புதியதை நகலெடுத்து உங்கள் வரிகளை மறுபடி சேருங்கள். பிறகு அசல் தளத்தில் முதலில் துணை பிளகின்கள், அடுத்து படிபிரஸ், கடைசியில் கேஷைக் காலி செய்வது. அன்று முழுக்க எந்தத் திருத்தம் எந்த ஃபைலில் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள், டேட்டாபேஸ் பேக்கப் எங்கே இருக்கிறது என்பதோடு சேர்த்து. நீங்கள் வேலைக்காக சிங்கப்பூரோ சென்னையோ போய்விட்டால், அந்த நோட்டும் நிர்வாகிப் பாஸ்வேர்டும் ஊரில் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும்.